ஹெர்மினேக்கு மட்டும் ஒரு பறவை

இன்று யாரைச் சந்தித்தேன் தெரியுமா? இங்கே யெரெவானில், வெர்னிசாஜ் சந்தையில் வெள்ளி மாதுளை விற்கும் அர்பெனிக்கை. ஒரு ஜோடி கம்மல் வாங்கத்தான் போனது. வாங்கிவிட்டு நகர முடியாமல் மதியம் தாண்டும்வரை அவள் மேஜை ஓரமாகவே நின்றாயிற்று. காப்பி ஊற்றித் தந்தாள், கதையும் சொன்னாள். கதையின் கடைசிப் பகுதியோ கண்ணெதிரிலேயே நடந்துவிட்டது. மனசு ஆறிப்போவதற்குள் அவள் கதையை எழுதிவிட வேண்டும்.

அர்பெனிக்குக்குக் கடை என்று தனியாக எதுவும் இல்லை. ஒரு மடக்கு மேஜை, மேலே கறுப்பு வெல்வெட், அவ்வளவுதான். இடது பக்கம் லென்ட்ருஷ் விற்கும் நர்திப் பலகைகள், பகடை உருட்டிக் காய் நகர்த்தி ஆடுவது. வலது பக்கம் லேஸ் மேஜைவிரிப்பு விற்கும் பெண், யாரோடும் பேசமாட்டாள். வெல்வெட்டின் நடுவில் மாதுளைகள் ஒரே வரிசையாகக் கிடக்கும், ஒவ்வொன்றும் கட்டைவிரல் நகம் அளவு.

மார்ச் எட்டு, மகளிர் தினம், நெருங்குவதால் இன்று காலை முழுக்க ஆண்கள் கூட்டம். தோல் ஜாக்கெட் போட்ட ஒருவன் வந்தான். வரிசையை ஒருமுறைகூடச் சரியாகப் பார்க்கவில்லை.

"சிஸ்டர் ஜான், ஒரே மாதிரி அஞ்சு குடுங்க." இங்கே அன்பாகக் கூப்பிட எல்லோருக்கும் ஒரு 'ஜான்' சேர்ப்பார்கள்.

"யார் யாருக்குன்னு சொல்லுங்க, அவங்களுக்குத் தகுந்த மாதிரி எடுத்துத் தர்றேன்."

"பொண்டாட்டி, அம்மா, மாமியார், அக்கா, ஆபீஸ்ல மேடம். ஒண்ணுக்கொண்ணு வித்தியாசம் தெரிஞ்சுச்சுன்னா நான் வீட்டுக்குள்ள கால் வைக்க முடியாது."

லென்ட்ருஷ் தன் பலகையைத் துடைத்தபடியே சொன்னார்: "புத்திசாலிப் பய. இவனுக்கு ஒரு நர்திப் பலகை சும்மாவே குடுக்கலாம்."

"குடுங்க அண்ணே."

"குடுக்கலாம்னுதான் சொன்னேன். குடுக்கறேன்னு சொல்லலையே."

அக்கம்பக்கத்தில் சிரிப்பு. அர்பெனிக் மட்டும் சிரிக்கவில்லை. ஐந்தையும் பையில் போட்டுக் கொடுத்துவிட்டு, அந்த ஆள் கூட்டத்தில் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். முன்பெல்லாம் இப்படிப்பட்ட ஆண்களை அவளும் ஹெர்மினேயும் சேர்ந்து கேலி செய்வார்கள். இன்றைக்கு அவன்மேல் பொறாமையாக இருந்தது. போன வருஷம் அவனைப் போல யோசிக்காமல் எடுத்துக் கொடுத்திருந்தால் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்திருக்கும்.

ஹெர்மினே அவள் தம்பி கெகாமின் மனைவி.

அர்பெனிக்குக்குக் கைவேலை யாரும் சொல்லித் தந்ததில்லை. ஒரு கண்ணாடித் தொழிற்சாலையில் கிடங்கு பார்த்துக்கொண்டிருந்தாள். அதை மூடினார்கள். வீட்டில் சும்மா உட்கார முடியாமல் அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு அறுந்த கம்மலை ஒட்டித் தர ஆரம்பித்தாள். நோர் நோர்க் பகுதியில் எட்டாவது மாடி வீடு. தையல் மெஷினைக் கழற்றி எடுத்த பழைய மேஜைதான் பட்டறை, அதுவும் சமையலறைக்குள். வேன் ஓட்டும் கணவன் ரஸ்மிக் சாப்பிட உட்காரும்போதெல்லாம் கிண்ணத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பான். "சூப்ல வெள்ளி மின்னுது. மியூசியத்துக்குக் குடுத்துடலாமா, இல்ல குடிக்கலாமா?"

மாதுளை செய்வது பொறுமையான வேலை. வெள்ளி வில்லைகள் இரண்டைக் குழி அச்சில் வைத்துத் தட்டித் தட்டிக் கிண்ணமாக்க வேண்டும். இரண்டையும் வாயோடு வாய் வைத்துப் பற்றவைக்க வேண்டும். பிறகு ஒரு பக்கம் கீறித் திறந்து, உள்ளே சிவப்புக் கார்னெட் கற்களை நெருக்கமாகப் பதிக்க வேண்டும். கிரீடத்தின் இதழ்களைக் குறட்டால் வளைப்பது கடைசியில். அந்த வளைவில்தான் ஒவ்வொரு மாதுளைக்கும் ஒரு முகம் வருகிறது.

அந்தச் சிவப்புக் கற்களைத் தரம் பிரித்துக் கொடுத்தது ஹெர்மினேதான். கோமிதாஸ் அவென்யூவில் ஒரு மருந்துக்கடையில் அவளுக்கு வேலை. மாத்திரை எண்ணிப் பழகிய விரல்கள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் சந்தைக்கு வந்து அர்பெனிக் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள். அர்பெனிக்கின் ரஷ்ய மொழியே தடுக்கித் தடுக்கி நடக்கும், ஆங்கிலம் வரவே வராது. ஹெர்மினே இரண்டிலும் வெளுத்து வாங்குவாள். "இதைப் போட்டா குழந்தை பிறக்குமாமே, நிஜமா?" என்று வெளியூர்ப் பெண்கள் கேட்டால், "கல்லை எண்ணிப் பாருங்க. அத்தனை பேருக்குச் சோறு போட முடியும்னா வாங்கிக்குங்க" என்பாள். கேட்டவர்கள் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு வாங்கிப் போவார்கள்.

அவளுக்கும் கெகாமுக்கும் குழந்தை இல்லை. கல்யாணத்தன்று மாமியார் வீட்டு வாசலில் மணப்பெண் வழக்கப்படி ஹெர்மினே மாதுளையைத் தரையில் ஓங்கி அடித்தபோது முத்துக்கள் கெகாமின் வெள்ளைச் சட்டைவரை தெறித்தன. "போச்சு, ஒரு ஃபுட்பால் டீமே வரப்போகுது" என்று ரஸ்மிக் கத்தினான். அந்தச் சட்டைக் கறை போகவே இல்லை. வருஷங்கள் போய்விட்டன. அதைப் பற்றி ஹெர்மினே முன்னால் வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை. அவளோ வாரா வாரம் உட்கார்ந்து மாதுளை விற்றுக்கொண்டிருந்தாள். அவள் மாதுளையைக் கண்டு பயப்படவில்லை என்பது அர்பெனிக்குக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தும் இருந்தது. அதனால்தான் இப்போது சோறு இறங்க மாட்டேன் என்கிறது.

போன வருஷம் ஏப்ரல் ஏழு. தாய்மைக்கும் அழகுக்குமான நாள். வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு மாதுளை டாலர் கொடுப்பதென்று குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து செய்தாள். கம்பளித் துணியில் சின்னப் பைகள் தைத்தாள். காலையில் பைகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு மாதுளையைப் போட்டு, வாயைக் கட்டிக்கொண்டிருந்தபோது அவள் அம்மா ஓஃபிக் போன் செய்தாள்.

"எல்லாருக்கும் மாதுளையா?"

"ஆமாம்மா, எல்லாருக்கும்."

"ஹெர்மினேக்கும்?"

"அவளுக்கும்தான்."

அந்தப் பக்கம் அடுப்பில் எதையோ கிளறும் சத்தம் வந்தது.

"இன்னிக்கு என்ன நாளுன்னு தெரியும்ல? எல்லார் கண்ணும் அவ கழுத்துலதான் நிக்கும். நான் ஒண்ணும் சொல்லல. நீ பெரியவ, யோசிச்சுச் செய்."

அர்பெனிக் யோசித்தாள். தப்பு அங்கேதான் ஆரம்பம். ஹெர்மினேயின் பையைப் பிரித்தாள், மாதுளையை வெளியே எடுத்தாள், ஒரு வெள்ளிப் பறவையை உள்ளே வைத்தாள். பழைய ஆர்மீனிய ஏட்டுப் பிரதிகளின் ஓரங்களில் எழுத்தாக வளைந்து நிற்குமே, அந்தப் பறவை. செய்யக் கஷ்டம் என்பதால் அபூர்வமாகத்தான் செய்வாள். மாதுளையைவிட அழகு, வேலைப்பாடும் அதிகம். பஸ்ஸில் போகும்போது, ஒரு மனசு நோகாமல் பார்த்துக்கொண்டோம் என்று தனக்குத்தானே கொஞ்சம் பெருமைகூடப் பட்டுக்கொண்டாள். அந்தப் பெருமையை நினைத்தால்தான் இன்றும் காது சுடுகிறது அவளுக்கு.

ஓஃபிக் வீட்டில் மேஜை நிறைந்திருந்தது. நோன்புக்காலம், ஆனாலும் நோன்பு இருந்தது வார்டூஷ் அத்தை மட்டும். அவருக்கென்று தனியாக, இறைச்சிக்குப் பதில் பயறு வைத்து இலையில் சுருட்டிய டோல்மா. ஹெர்மினே பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வந்து நுழைந்தாள். கெகாம் பின்னாலேயே பூங்கொத்தோடு அசட்டுச் சிரிப்புச் சிரித்தபடி வந்தான். அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்று யாரும் கேட்கவில்லை.

பைகளைக் கொடுத்தாள். ஆளாளுக்குப் பிரித்தார்கள். எழுபது தாண்டிய வார்டூஷ் அத்தை டாலரைத் தூக்கிப் பிடித்தார்.

"ஏண்டி, இந்த வயசுல எனக்கு எதுக்கு மாதுளை? இனிமே நான் எவனைப் பெத்து எவன் கையில குடுக்கறது?"

"நீங்க பெத்துப் போடுங்க அத்தை, நாங்க வளர்க்கறோம்" என்றான் ரஸ்மிக்.

மேஜை குலுங்கச் சிரித்தார்கள். ஹெர்மினேயும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே தன் பையைப் பிரித்தாள். அர்பெனிக்கின் சின்ன மகள் நாரே கழுத்தில் மாதுளையோடு அவள் மடியில் வந்து சாய்ந்தாள்.

"மாமி, உங்களோடது மட்டும் ஏன் பறவை?"

குழந்தைக்கு மாதுளை, கிழவிக்கு மாதுளை, கல்யாணமாகாத பக்கத்து வீட்டுக்காரிக்கும் மாதுளை. மேஜையைச் சுற்றி எல்லோர் கண்ணும் ஒரு சுற்றுச் சுற்றி ஹெர்மினேயின் உள்ளங்கையில் வந்து நின்றது. அவள் மாதுளை போட்டிருந்தால் ஒருத்தரும் கவனித்திருக்கமாட்டார்கள் என்பது அர்பெனிக்குக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது.

"ஏன்னா நான் பறந்து போய்டுவேன்ல" என்றாள் ஹெர்மினே, நாரேயின் மூக்கைப் பிடித்துக்கொண்டு. உடனே கழுத்தில் போட்டுக்கொண்டாள். எழுந்து வந்து அர்பெனிக்கின் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். "ரொம்ப அழகா இருக்கு, அர்பெனிக் ஜான்."

ரஸ்மிக்தான் அன்றைக்கு மேஜைத் தலைவன். கிளாசைத் தூக்கித் தாய்மார்களுக்கு வாழ்த்துச் சொன்னான். வருஷா வருஷம் அதோடு சேர்த்து இனி வரப்போகும் தாய்மார்களுக்கும் ஒரு வாழ்த்து வைப்பான். அன்று அந்த இடத்துக்கு வந்தான், பறவையைப் பார்த்தான், கிளாசை வாயில் கவிழ்த்துக்கொண்டான். கெகாம் தன் கிளாசைக் கையில் பிடித்தபடியே நின்றான், மிச்சத்தையும் சொல்வான் என்று.

அதற்குப் பிறகு சண்டை ஒன்றும் வரவில்லை. வந்திருந்தால் பரவாயில்லை. ஹெர்மினே போனை எடுத்தாள், பிறந்தநாளுக்கு வந்தாள், நாரேக்கு ஷூ வாங்கித் தந்தாள். எங்கே வந்தாலும் கழுத்தில் அந்தப் பறவை இருந்தது. ஈஸ்டருக்குப் பறவை. ஊறுகாய் போட வந்த அன்றும் பறவை. வரவேயில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குத்தான் வரவில்லை. "கடைல டபுள் ஷிப்ட், ஜான்" என்பாள். அடுத்த வாரமும் அதேதான் சொன்னாள்.

அவளுக்கென்று செய்திருந்த அந்த மாதுளையை அர்பெனிக் அடுத்த சந்தை நாளிலேயே யாரோ ஒரு வெளியூர்க்காரிக்கு விற்றுவிட்டாள். கண்ணில் படாமல் ஒழிந்தால் சரி என்றுதான் விற்றாள்.

இலை உதிரும் நேரத்தில் கெகாம் ஒரு பெட்டி சீமைமாதுளை கொண்டுவந்தான். சமையலறையில் உட்கார்ந்து காப்பி குடித்தான். குடித்து முடித்த கப்பைத் தட்டில் கவிழ்த்தான், நிமிர்த்தினான், மறுபடி கவிழ்த்தான்.

"அக்கா, ஒண்ணு கேக்கறேன். கோவிச்சுக்காத."

"கேளு."

"அன்னிக்கு அவளுக்கு மட்டும் ஏன் பறவை குடுத்த?"

"சங்கடப்படுவாளேன்னுதான், கெகாம் ஜான்."

"யாரு, அவளா? அவ சங்கடப்பட்டு நீ எப்பப் பாத்த? நம்ம வீட்டுல சங்கடப்படறது நீங்கள்லாம்தான்."

கெகாம் கப்பைத் தட்டில் ஒரு சுற்றுச் சுற்றினான்.

"அந்த வாரம்தான் புது டாக்டர்கிட்டப் போய்ட்டு வந்திருந்தோம். யாருக்கும் சொல்லல. நல்லபடியாத்தான் சொன்னாரு. அன்னிக்குப் பாடிக்கிட்டே வந்தாளே, கேட்டேல்ல? ராத்திரி வீட்டுக்குப் போய் ஷூவைக்கூடக் கழட்டாம நின்னுக்கிட்டே கேட்டா, 'உங்க அக்காவுக்கு டாக்டருக்குத் தெரியாதது ஏதாவது தெரியுமா?'ன்னு. அதுக்கப்புறம் அந்த டாக்டர்கிட்ட வர மாட்டேன்னுட்டா."

கப்பை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனான். சீமைமாதுளையெல்லாம் பெட்டியிலேயே அழுகின. மூடியைத் திறக்க அர்பெனிக்குக்கு மனசு வரவில்லை. அம்மாவைக் கூப்பிட்டு, உன்னால்தான் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. ஆனால் அம்மா கேட்கத்தானே செய்தாள்? பையைப் பிரித்த கை யாருடையது?

பிறகு அவளுக்குத் தெரிந்ததைச் செய்தாள், உட்கார்ந்து ஒரு மாதுளை செய்தாள். கெட்டி வெள்ளி. இருப்பதிலேயே நல்ல கற்களாகப் பார்த்துப் பொறுக்கினாள், வழக்கத்தைவிட இரண்டு மடங்கு. கிரீடத்தில் முடி அளவு வெள்ளிக் கம்பியை முறுக்கி ஓரம் கட்டினாள். பின்பக்கம் யாரும் பார்க்கப்போவதில்லை, அங்கேயும் இலைக்கொடி செதுக்கினாள். ரஸ்மிக் எட்டிப் பார்த்துவிட்டு, "இது மாதுளையா, பிஷப்போட தொப்பியா?" என்றான். அவன் முதுகில் இடுக்கியால் ஒன்று வைத்தாள்.

பிப்ரவரியில் அதை எடுத்துக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனாள். ஹெர்மினே வெள்ளைக் கோட்டு போட்டிருந்தாள். திறந்த காலருக்குள் பறவை. வரிசையில் இரண்டு பேர் நின்றார்கள், அர்பெனிக்கும் பின்னால் போய் நின்றாள். முறை வந்ததும் பையைக் கண்ணாடிமேல் வைத்தாள்.

"ஹெர்மினே ஜான், உன் வலியை நான் வாங்கிக்கறேன், இதைக் கொஞ்சம் பிரிச்சுப் பாரேன்."

ஹெர்மினே பிரித்தாள். உள்ளங்கையில் வைத்து மெதுவாக ஏற்றி இறக்கினாள், எடை பார்ப்பதுபோல்.

"கனமா இருக்கே."

"கெட்டி வெள்ளி."

"அன்னிக்கு எல்லாருக்கும் குடுத்தது இவ்வளவு கனமா?"

"இல்ல. இது உனக்குன்னே செஞ்சது."

அதற்குள் பின்னாலிருந்து தொப்பி போட்ட ஒரு பெரியவர், "பொண்ணே, எனக்கு இருமல்" என்றார்.

"தெரியுது தாத்தா, அவென்யூ முழுக்கக் கேக்குது. ஒரு நிமிஷம்." பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள், எத்தனை ஸ்பூன் என்று சொன்னாள், மீதி கொடுத்தாள். பிறகு அர்பெனிக் பக்கம் திரும்பினாள். குரல் உயரவேயில்லை.

"வலியை வாங்கிக்கறேன்னு நாம பஸ் டிரைவர்கிட்டகூடச் சொல்றோம். கீரை விக்கிறவகிட்டச் சொல்றோம். ஒருத்தரும் நிஜமா வாங்கறதில்ல. நீ வாங்கிட்ட. என்னை ஒரு வார்த்தை கேக்காம வாங்கிட்ட. அது வலியா இல்லையான்னு எனக்கே தெரியாத நேரத்துல."

அம்மாதான் போன் செய்தாள் என்ற வார்த்தை அர்பெனிக்கின் தொண்டைவரை வந்தது. அதை விழுங்கிவிட்டாள். இந்தக் கதையில் அவள் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான் என்று அவளே சொல்கிறாள்.

"தப்புத்தான். என்ன செய்யணும்னு சொல்லு. இது வேணாமா?"

"இது பிஷப் போட்டுக்கறது. எனக்கு எதுக்கு? வார்டூஷ் அத்தை கழுத்துல ஒண்ணு தொங்குதே, அது வேணும் எனக்கு. யோசிக்காம செஞ்சது."

"அதே மாதிரி செஞ்சு கொண்டாறேன்."

"நீ எனக்குன்னு உக்காந்தா அது மறுபடியும் கனமாத்தான் வரும். வரலைன்னு சொல்லு பாப்போம்."

அர்பெனிக் கனமான மாதுளையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். தொப்பிப் பெரியவர் நடைபாதையிலேயே பாட்டிலைத் திறந்து குடித்துக்கொண்டிருந்தார்.

ஹெர்மினே சொன்னதுதான் நடந்தது. அதற்குப் பிறகு வந்த வாரங்களில் அர்பெனிக் சாதாரண மாதுளை ஒன்று செய்ய உட்கார்ந்தாள். இது அவளுக்கு என்று நினைத்த உடனே கை மாறிவிடும். ஒரு கல் கூடும். இல்லாவிட்டால், கூடக்கூடாதே என்று ஒரு கல்லை எடுத்துவிடுவாள், குறைந்துபோகும். கிரீடம் ரொம்ப நேர்த்தியாக வரும். அதை வேண்டுமென்றே நெளிப்பாள், அது இன்னும் மோசம், பொய். சந்தைக்கு என்று செய்யும்போது பாட்டு கேட்டுக்கொண்டே வரிசையாகச் செய்து தள்ளும் அதே கை.

இன்று மதியம், காப்பி இரண்டாம் தடவை பொங்கிய நேரத்தில், மேஜைக்கு எதிரில் ஹெர்மினே வந்து நின்றாள். பின்பக்கம் வந்து உட்காருவது வழக்கம். இன்று வாடிக்கையாளர்கள் நிற்கும் பக்கம் நின்றாள். நீலக் கோட்டு, பறவை வெளியே தெரிந்தது.

லென்ட்ருஷ் முதலில் பார்த்தார். "அடடே, மருந்துக்காரி. உன்னைப் பாத்து எவ்வளவு நாளாச்சு, என் பிரஷரே ஏறிப்போச்சு."

"நர்தில தோத்திருப்பீங்க அண்ணே, அதுக்கு மாத்திரை கிடையாது."

அர்பெனிக் எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். "வா" என்று மட்டும் வந்தது வாயில்.

"வரிசைல இருக்கறதெல்லாம் விக்கறதுக்குத்தானே?" என்றாள் ஹெர்மினே.

"ஆமா."

"யாருக்குன்னு செஞ்சது?"

"யாருக்குன்னும் இல்ல. வர்றவங்களுக்கு."

ஹெர்மினே குனிந்து பார்த்தாள். அவசரமே இல்லை. பின்னால் ஒரு ஆள் பொறுமையிழந்து காலை மாற்றி மாற்றி நின்றான். ஒரு விரலால் வரிசையைத் தொட்டுக்கொண்டே போய், நடுவிலிருந்து ஒன்றை எடுத்தாள். அதன் கிரீடத்தில் ஒரு இதழ் லேசாகச் சாய்ந்திருந்தது.

"அது கொஞ்சம் கோணல். வேற எடு, இதோ இது..."

அர்பெனிக்கின் கை பாதியில் நின்றது. ஹெர்மினே நிமிர்ந்து பார்த்தாள். கோபமில்லை, பார்த்தாள் அவ்வளவுதான். அர்பெனிக் கையை இழுத்து ஏப்ரனுக்குள் வைத்துக்கொண்டாள். முகம் காது வரை சிவந்துவிட்டது, குளிரில் சிவப்பது வேறு மாதிரி இருக்கும்.

"வேற பொண்ணுங்க இதை எடுத்தா என்ன சொல்வ?"

"சந்தோஷமாப் போட்டுக்குங்கன்னு சொல்வேன்."

"சொல்லு."

"சந்தோஷமாப் போட்டுக்கோ." சொல்லும்போது குரல் உடைந்தது. லேஸ் விற்கும் பெண்கூடத் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

ஹெர்மினே சங்கிலியைக் கழுத்தில் மாட்டினாள். பறவையைக் கழற்றவில்லை. இரண்டு சங்கிலியும் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டன. கண்ணாடி கேட்காமலே விரலால் பிரித்துவிட்டாள். "பறவை நீ குடுத்தது. இது நானே எடுத்தது" என்றாள். பர்ஸைத் திறந்தாள். வேண்டாம் என்று சொல்ல அர்பெனிக் வாயெடுத்தாள், பிறகு மூடிக்கொண்டு, வந்த எல்லோரிடமும் வாங்குவதைப்போலவே வாங்கிக்கொண்டாள். அந்த நோட்டைப் பெட்டிக்குள் போட அவளால் முடியவில்லை. கையிலேயே வைத்திருந்தாள்.

"ஷிப்ட் இருக்கு. போறேன்."

"ஞாயித்துக்கிழமை..." என்று ஆரம்பித்த அர்பெனிக், மேலே கேட்கவில்லை.

ஹெர்மினே நாலடி போயிருப்பாள். சிவப்புக் குல்லா போட்ட வெளிநாட்டுப் பெண் ஒருத்தி ஒரு மாதுளையைப் பிடித்துக்கொண்டு அர்பெனிக்கிடம் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டாள். அர்பெனிக் விழித்தாள். ஹெர்மினே நின்ற இடத்திலிருந்தே திரும்பி, கூட்டத்தின் தலைக்கு மேலாகப் பதில் சொன்னாள். அந்தப் பெண் கற்களை எண்ண ஆரம்பித்து, பாதியில் சிரித்துவிட்டாள். பிறகு ஹெர்மினே போய்விட்டாள்.

"பேரம் பேசாம எடுத்துட்டுப் போனது இவ ஒருத்திதான்" என்றார் லென்ட்ருஷ்.

அர்பெனிக் பையிலிருந்து அந்தக் கனமான மாதுளையை எடுத்தாள். ஹெர்மினே எடுத்துப்போன இடம் வரிசையில் காலியாக இருந்தது. அங்கே அதை வைத்தாள், மற்றதற்கெல்லாம் என்ன விலையோ அதே விலைக்கு. கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்து, "சரியாயிடுச்சுன்னு நினைக்காதீங்க. அந்த டாக்டர்கிட்ட அவ இன்னும் போகல" என்றாள்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். சனி, ஞாயிறில் யெரெவானில் இருந்தால் குடியரசுச் சதுக்க மெட்ரோவில் இறங்கி வெர்னிசாஜுக்குப் போங்கள். நர்திப் பலகைகளுக்கும் லேஸ் விரிப்புகளுக்கும் நடுவில் அர்பெனிக் இருப்பாள். வரிசையில் ஒரு மாதுளை மட்டும் கையில் எடுத்தால் கனக்கும். அதை வாங்கிவிடுங்கள். அது அவள் கண்முன்னே கிடக்க வேண்டாம். போக முடியாதவர்கள் இதை நாலு பேருக்கு அனுப்புங்கள், முக்கியமாக வீட்டில் எல்லோருக்கும் பார்த்துப் பார்த்துப் பரிசு வாங்குகிறவர்களுக்கு.